எங்கே நிற்பது என்பதே முதல் கேள்வி

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர்வரை காரிலேயே போய்வந்தோம் என்று ஒரு தம்பதி சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் போனீர்கள்?" என்றுதான். நாள் குறையக் குறையப் பாராட்டு கூடுகிறது. இரவு பகல் பாராமல் ஓட்டி, சில நாட்களிலேயே போய்ச் சேர்ந்ததைக் காணொளியாகப் போடுபவர்களுக்குப் பார்வையாளர்கள் குவிகிறார்கள். அப்படிப் போனவர்கள் கடந்துவந்த நாட்டில் பாதியை இருட்டில் கடந்திருப்பார்கள்.

சில வாரங்களை ஒதுக்கி, கணவனும் மனைவியுமாக நாட்டை நெடுகக் கடக்க நினைப்பவர்கள் இந்தக் கேள்வியை வீட்டுக்குள் விடக் கூடாது என்பேன். எவ்வளவு தூரம், எந்த வழி என்பதைக் கைபேசி வரைபடம் ஒரு நொடியில் சொல்லிவிடும். எங்கே நிற்பது, அங்கே இருவருக்கும் என்ன கிடைக்கும், ஓர் ஊர் பிடித்துப்போய் மறுநாளும் அங்கேயே இருக்க மனம் வந்தால் கையில் நாள் இருக்கிறதா என்பதை வரைபடம் சொல்லாது. திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடந்த இருபதாண்டுகளில் நம் தேசிய நெடுஞ்சாலைகள் வண்டி ஓடுவதற்கு அருமையாக அமைந்துவிட்டன. மனிதர்கள் நின்று இளைப்பாறுவதற்கு இன்னும் அமையவில்லை. அந்தக் குறையில் எவ்வளவைத் தம்பதியின் திட்டம் ஈடுகட்டும், எந்த இடத்தில் அரசு வந்தாக வேண்டும் என்பதைப் பேசுவதற்கே இந்தக் கட்டுரை.

ஆறுகளின் வரிசை

ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் நாட்டிலேயே நீளமானது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,750 கிலோமீட்டர். 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியமைத்தபோது, ஏழு பழைய நெடுஞ்சாலைகளின் துண்டுகளைக் கோத்து இது உருவானது. நமக்குப் பழகிய பழைய 7-ம் எண் சாலை, வாராணசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்தது. அதன் தெற்குப் பகுதி இப்போது 44-ல் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சாலையை ஊர்களாகப் பிரித்துத் திட்டமிடுவதைவிட ஆறுகளாகப் பிரித்துத் திட்டமிடுவது எனக்குப் பிடிக்கும். திருநெல்வேலியில் தாமிரபரணி, மதுரையில் வைகை, பரமத்தி வேலூரில் காவிரி, காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை. ஆந்திரத்துக்குள் போனால் அனந்தபூரைத் தாண்டிப் பென்னாறு, கர்நூலில் துங்கபத்திரை. தெலங்கானாவில் பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. ஆதிலாபாத்தைக் கடந்ததும் மகாராஷ்டிரத்தின் எல்லையாகவே ஓடும் பைன்கங்கா. மத்தியப் பிரதேசத்தில் பர்மான் படித்துறைக்கு அருகில் நர்மதை. மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல். ஆக்ராவிலிருந்து தில்லிவரை யமுனையைக் கடக்கவே வேண்டாம். கண்ணில் படாவிட்டாலும் அது வலப்பக்கமாகக் கூடவே வந்துகொண்டிருக்கும். பிறகு லூதியானாவைத் தாண்டிச் சட்லஜ், பதான்கோட்டுக்கு முன்னால் பியாஸ், ஜம்மு எல்லையில் ராவி, ஜம்முவில் தாவி, ராம்பனில் சேனாப், ஸ்ரீநகரில் ஜீலம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள் ஒவ்வொன்றும் தண்ணீராகவோ வெறும் மணலாகவோ சக்கரத்துக்குக் கீழே வரும். எது தண்ணீர், எது மணல் என்று இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டு போவதே நாட்டைப் பற்றிய பெரிய பாடம்.

ஆறுகளைக் குறித்துக்கொண்ட பிறகு, அவற்றுக்கு இடைப்பட்ட தங்கல்களைக் குறிக்கலாம். பெங்களூருவைத் தாண்டினால், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி லேபாட்சி. விஜயநகரக் காலத்து வீரபத்திரர் கோயிலின் கூரை ஓவியங்களையும் ஊர் எல்லையில் ஒற்றைப் பாறையில் செதுக்கிய பெரிய நந்தியையும் அவசரமாகப் பார்க்க முடியாது. அங்கே ஒரு பகல் வேண்டும். நிர்மலில் மரப்பொம்மை செய்பவர்கள் இருக்கிறார்கள். நாக்பூரிலிருந்து சேவாகிராமத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஜான்சியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் ஓர்ச்சா. பேத்வா ஆற்றங்கரையில் புந்தேல மன்னர்களின் சத்ரிகள் வரிசையாக நிற்கின்றன. ராமரை அரசராகவே வைத்து வணங்கும் கோயில் அங்கே இருக்கிறது. காவலர்கள் நாள்தோறும் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். இந்தியாவை நெடுகக் கடக்கும் யாரும் ஓர்ச்சாவில் இரண்டு இரவு தங்காமல் போகக் கூடாது என்பது என் கட்சி.

நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சாலை போகிறது. அங்கே நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது, விலங்குகள் கடந்துபோகச் சாலையைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டினார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் இத்தகைய ஒன்பது கடவுகள். அவற்றில் ஒன்று 750 மீட்டர் நீளம். புலிகள் அவற்றின் வழியே கடந்துபோவதை இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் தானியங்கிக் கேமராக்கள் பதிவுசெய்திருக்கின்றன. காட்டுயிர் ஆர்வலர்கள் நீதிமன்றம்வரை போய்ப் போராடியதால் கிடைத்தது அது. நெடுஞ்சாலை என்பது வண்டிகளுக்கு மட்டுமானது இல்லை என்று நம் பொறியாளர்கள் ஒருமுறை ஏற்றுக்கொண்டு, செலவும் செய்து காட்டிய இடம். அதே அக்கறை அந்தச் சாலையில் போகும் மனிதர்களின் உடம்புக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

கூலிக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு வரம்பு வகுத்தது: பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு. அந்த வரம்பு எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். சொந்தக் காரை ஓட்டுபவருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. தொழில்முறை ஓட்டுநருக்கே எட்டு மணி நேரம் என்றால், ஆண்டு முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருபவர் 14 மணி நேரம் ஓட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது?

எண்களைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். அந்த ஆண்டு சீட் பெல்ட் போடாததால் மட்டும் 16,715 பேர் இறந்ததாக அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஓட்டியவர்கள் இல்லை, கூட வந்தவர்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையில் இறந்தபோது, பெல்ட் போடாமல் பின்னிருக்கையில் இருந்தார். விபத்துகள் அதிகம் நடக்கும் வேளை மாலை 6 முதல் 9 மணிவரை என்பதும் ஆண்டுதோறும் இந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஓட்டுபவர் களைத்திருக்கும் நேரம் அது. வெளிச்சமும் போய்விடும். ஊர்ப்புறங்களில் ஆட்களும் மாடுகளும் சாலையைக் கடக்கும் நேரமும் அதுதான்.

ஆகவே என் கணக்கு இது: ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். காலை ஆறரைக்குக் கிளம்பினால், நடுவில் சாப்பாடு, நிழல், கொஞ்சம் நடை எல்லாம் போக, பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் வந்துவிடும். ஐந்து மணிக்குப் பிறகு வண்டி ஓடக் கூடாது. மூன்று நாள் ஓட்டினால் நான்காம் நாள் சாவியைத் தொடக் கூடாது. இப்படிப் போனால் ஸ்ரீநகரை அடைய ஏறத்தாழ 17 நாள் ஆகும். அங்கே சில நாள் தங்கல், வேறு வழியாகத் திரும்புதல் எல்லாம் சேர்ந்து ஐந்து அல்லது ஆறு வாரம். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் நாக்பூர்வரை போய்த் திரும்புவதும் முழுமையான பயணம்தான்.

மாறி மாறி ஓட்டுவது இருவருக்கும் நல்லது. நம் வீடுகளில் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டு, நெடுஞ்சாலையில் ஒருநாளும் ஓட்டாத பெண்கள் எத்தனையோ பேர். "லாரி போக்குவரத்து அதிகம், நீ வேண்டாம்" என்ற அக்கறையான வார்த்தையிலேயே அவர்கள் பழக்கம் முடிந்துபோகிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே, வார இறுதிகளில் பக்கத்து மாவட்டத்துக்கு மனைவி ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வர வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாமல், ராம்பன் மலைச்சாலையில் கணவருக்குக் காய்ச்சல் வரும்போது சாவியை மாற்றிக்கொள்ள முடியாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. கார் காப்பீட்டுடன் கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கே உரியது. ஆர்.சி. கணவர் பெயரில் இருந்தால், மனைவி ஓட்டும்போது அவருக்கு அந்தக் காப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இல்லை. கூடுதலாகச் சிறு தொகை கட்டி உடன் வருபவருக்கும் காப்புச் சேர்த்துக்கொள்ளலாம். முகவரிடம் கேட்டு வாங்க வேண்டும், அவராகச் சொல்வது அரிது.

எந்தப் பருவத்தில்?

தெற்கிலிருந்து கிளம்புபவர்களுக்கு இரண்டு வாய்ப்புகள். மார்ச் முதல் வாரத்தில் கிளம்பினால் மார்ச் இறுதியில் ஸ்ரீநகரில் டியூலிப் தோட்டம் பூத்திருக்கும். திரும்பும்போது எந்த வழியில் வந்தாலும் ஏப்ரல் வெயிலைக் கடந்தாக வேண்டும், அது கடும் சோதனை. செப்டம்பர் கடைசியில் கிளம்பினால் தென்மேற்குப் பருவமழை வடக்கிலிருந்து விலகிக்கொண்டிருக்கும், மத்திய இந்தியா பச்சையாக இருக்கும், அக்டோபர் பிற்பகுதியில் காஷ்மீரின் சினார் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். திரும்புகையில் பஞ்சாப், ஹரியாணா வயல்களில் வைக்கோல்தாள் எரியும் புகை கண்ணைக் கரிக்கும். நவம்பரில் வீடு திரும்பும்போது நம் ஊர் மழை எதிர்கொள்ளும். இரண்டில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டிசம்பர், ஜனவரி மட்டும் வேண்டவே வேண்டாம். தில்லியைச் சுற்றி விழும் மூடுபனியில் பத்தடி முன்னால் நிற்கும் லாரி தெரியாது.

தில்லிக்குள் நுழையாமலே போக வழி இருக்கிறது. பல்வலில் பிரிந்து குண்ட்லியில் மீண்டும் சேரும் புறவட்ட விரைவுச்சாலைகள் கிழக்கிலும் மேற்கிலும் உண்டு. பழைய டீசல், பெட்ரோல் வண்டிகளுக்குத் தில்லியில் உள்ள வயது வரம்பும், மாசு மிகும் நாட்களில் வரும் தடைகளும் அடிக்கடி மாறுகின்றன. பத்தாண்டு கடந்த காரில் போகிறவர்கள் சுற்றிப் போவதே நிம்மதி. குண்ட்லியைத் தாண்டினால் முர்த்தல். அங்கே வெண்ணெய் உருகும் பராட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, கர்னால் நோக்கிப் போகும் வழியில் முகலாயர் காலத்துக் கோஸ் மினார்களைத் தேடிப் பாருங்கள். தூரம் காட்ட நட்ட செங்கல் தூண்கள் அவை. அந்தப் பெருவழியில் தூரத்தைக் காட்டத் தூண் நட்டவர்கள், இளைப்பாறச் சராய்களையும் கட்டினார்கள்.

ஜம்முவுக்கு அப்பால் திட்டம் தளர்வாக இருக்க வேண்டும். செனானி – நாஷ்ரி சுரங்கப்பாதை 2017-லும், பனிஹால் – காசிகுண்ட் சுரங்கப்பாதை 2021-லும் திறக்கப்பட்டுவிட்டன. முதலாவது ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டாவது எட்டரை. இரண்டுக்கும் நடுவே ராம்பன் பகுதியில் மழை பெய்தால் மலை சரிகிறது, சாலை அடைபடுகிறது. போக்குவரத்துக் காவல் துறை அன்றன்றைக்கு வெளியிடும் அறிவிப்பைப் பார்த்தே ஜம்முவிலிருந்து நகர வேண்டும். அதற்காகவே இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் இருக்கும்போதே இருவரில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்வது நல்லது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, காஷ்மீர்வரை போவதா என்று வீட்டார் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஜம்முவில் வைத்து, அன்றைய நிலவரத்தைப் பார்த்து இருவரும் முடிவெடுக்கலாம். இருவரில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் அங்கிருந்து அமிர்தசரஸ் பக்கம் திரும்பிவிடலாம். ராஜஸ்தான், குஜராத் வழியாக இறங்கி, பன்வேலிலிருந்து கன்னியாகுமரிவரை கடலோரமாக வரும் 66-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஊர் வந்துவிடும்.

தங்குமிடமும் கதவு தட்டும் கேள்விகளும்

முதல் மூன்று இரவுக்கும், பெரிய ஊர்களுக்கும் மட்டும் அறையை முன்பதிவு செய்துவிட்டு, மற்றதை முந்தைய நாள் மாலையில் முடிவுசெய்வது போதும். எல்லா இரவையும் பணம் கட்டி வைத்துவிட்டால், ஓர்ச்சாவில் இன்னொரு நாள் இருக்க ஆசை வரும்போது பணம் தடுக்கும்.

அறை கேட்கும்போது இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மனைவியின் ஆதாரில் அவருடைய தந்தையின் முதலெழுத்து இருக்கும், கணவரின் ஆதாரில் வேறொன்று. வடக்கே சிறு ஊர்களில் இதைப் பார்த்துவிட்டு, "கணவன் மனைவிதானா?" என்று கேட்கும் வரவேற்பாளர்கள் உண்டு. திருமணச் சான்றிதழைக் கைபேசியில் வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் அறிவுரை தருவார்கள். வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், அதைக் காட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதியில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோவை விடுதி வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வயதுவந்த இருவர், செல்லுபடியாகும் அடையாள அட்டை, அறைக்கான பணம்: இவ்வளவே ஒரு விடுதி கேட்க வேண்டியது. சேர்ந்து வாழ்பவர்களும் மணமாகப்போகிறவர்களும் அறை கிடைக்காது என்ற பயத்தில் இரவெல்லாம் ஓட்டுவது சாலைப் பாதுகாப்புக்கே கேடு.

கழிப்பறை என்னும் முதன்மைப் பிரச்சினை

இந்தியாவில் நெடுந்தூரக் கார் பயணத்தின் தரத்தைப் பெண்ணின் உடம்புதான் அளக்கிறது. ஆணுக்கு எங்கு நிறுத்தினாலும் நிறுத்தம். பெண்ணுக்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும். நானும் என் கணவரும் இந்தச் சாலையின் பல பகுதிகளில் பயணம் செய்திருக்கிறோம். எந்த மாநிலத்திலும் நான் பார்த்த பெண்கள் செய்வது ஒன்றைத்தான்: காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். மதிய வெயிலிலும் ஒரு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி. இதன் விலை நீர்க்கடுப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்று, தலைவலி. மாதவிடாய் நாட்களில் இது இன்னும் கடினம். மாதவிடாய் நின்றுபோன வயதில், அடிக்கடி போக வேண்டியிருக்கும்போது, பல பெண்கள் பயணத்தையே தவிர்த்துவிடுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு இந்தியாவைச் சுற்ற வேண்டும் என்று கணவர் ஆசைப்படும்போது, மனைவி ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போடுவதன் பின்னால் சொல்லாத காரணம் இதுவாக இருக்கலாம்.

எனவே, திட்டமிடும்போது நிறுத்தங்களை முடிவுசெய்யும் உரிமை மனைவியிடம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம் என்று வைத்துக்கொண்டு, சுத்தமான கழிப்பறை உள்ள பெரிய உணவகம், பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி ஆகியவற்றை முதல் நாள் இரவே குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும் இடத்தில், தேவை இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டும். அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியாது. சோப்பு, தண்ணீர்ப் பாட்டில், சின்ன டார்ச், கதவைக் கட்டிக்கொள்ளக் கயிறு: இவை ஸ்டெப்னி டயருக்குச் சமமான அவசியப் பொருட்கள்.

நம் முன்னோர்கள் வழிநடையை இப்படியா நினைத்தார்கள்? 17-ம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தெற்கே பழைய சாலைகள் இன்றும் தாங்கியிருக்கின்றன. சாலை போட்டதோடு சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். ஒரத்தநாட்டின் முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. அரசர்கள் கிடக்கட்டும், சாதாரணக் குடும்பங்களும் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டன. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு வருபவர் யார் துணையும் இன்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்காக நட்ட கல் அது. வழிப்போக்கரின் களைப்பை ஒரு பெண்ணின் உடம்பு பட்ட பாட்டோடு சேர்த்து நினைத்த சமூகம் இது. நான்குவழிச் சாலைக்காக அகற்றப்பட்ட மரங்களுக்கும் கிணறுகளுக்கும் கற்களுக்கும் ஈடாக அந்தச் சாலையில் எது வந்திருக்கிறது?

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சாலையோர வசதி மையங்கள் அமைப்பதாக அரசு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. சில இடங்களில் நல்ல மையங்கள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த 'ஹம்சஃபர்' கொள்கை, சுத்தமான கழிப்பறை, குழந்தைகளுக்கான அறை, சக்கர நாற்காலி வசதி, ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி ஆகியவற்றைப் பேசுகிறது. நோக்கம் சரி. ஆனால், சுங்கச்சாவடி எந்த இடத்தில் வரும் என்று வண்டிக்குத் தெரிகிற அளவுக்கு, அடுத்த நல்ல கழிப்பறை எங்கே என்று பயணிக்குத் தெரியவில்லை. பெட்ரோல் பங்கின் கழிப்பறை வாடிக்கையாளருக்கா, வழிப்போக்கர் எல்லாருக்குமா என்று 2025-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. பொதுச் சாலையில் பொதுக் கழிப்பறை போதுமான அளவு இருந்தால் அந்த வழக்குக்கே தேவை வந்திருக்காது.

பணமும் கணக்கும்

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போய்வர, சுற்றிப்பார்க்க 9,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரானால் 600 லிட்டர். ஏறக்குறைய 60,000 ரூபாய். நடுத்தர அறைக்கு இரவுக்கு 2,000 வீதம் 35 இரவுக்கு 70,000. சாப்பாட்டுக்கு நாளுக்கு 1,000 வைத்தால் 35,000. சுங்கத்துக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த கார்களுக்கு ஆண்டுச் சீட்டு வந்திருக்கிறது: அறிமுகமானபோது 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. மாநில அரசுகளின் சுங்கச்சாவடிகளில் அது செல்லாது. எதிர்பாராத ரிப்பேருக்குத் தனியாக 25,000 ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் பயணம். மத்திய அரசு ஊழியர்களின் விடுமுறைப் பயணச் சலுகை சொந்தக் காரில் போகிறவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. அந்த விதியைத் திருத்தினால், நடுவயதுத் தம்பதிகள் எத்தனையோ பேர் விமானத்தில் தாண்டிப்போகாமல் நாட்டைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

ஆவணங்கள் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், அது சட்டப்படி செல்லும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. வழியில் விபத்தைப் பார்த்தால் தயங்காமல் உதவலாம். உதவுபவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கு 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது.

இரண்டு பேரின் இடம்

வாரக்கணக்கில் இருவர் ஒரே காரில் இருப்பது எளிதில்லை. வீட்டில் சமையலறை, கூடம், மாடி, தெரு என்று விலகிப் போக இடம் இருக்கிறது. காரில் இரண்டு இருக்கைகள்தான். ஆகவே, ஓய்வு நாளில் அரை நாளாவது தனித்தனியே போவதையும் திட்டத்தில் எழுத வேண்டும். அவர் குவாலியர் கோட்டைக்குப் போகட்டும், இவர் கடைத்தெருவுக்குப் போகட்டும். சாப்பிடும்போது சொல்லிக்கொள்ள இருவருக்கும் ஏதாவது இருக்கும். இன்னொரு விதியும் வைத்துக்கொள்ளலாம்: இருவரில் யார் "போதும், நிறுத்தலாம்" என்றாலும் அடுத்த ஊரில் வண்டி நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. ஓட்டுபவர் வேகத்துக்கே எல்லாம் நடந்தால், பக்கத்தில் இருப்பவர் பயணியாகத்தான் வருவார். திட்டத்தாளை ஒருவர் எழுத, மற்றவர் திருத்த வேண்டும். இருவர் கையெழுத்தும் இல்லாத திட்டம் மூன்றாவது நாளே சண்டையில் முடியும்.

அரசிடம் கேட்பதற்கு வருகிறேன். 2025 அக்டோபரில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுங்கச்சாவடியில் அழுக்கான கழிப்பறையைக் கண்டால் 'ராஜ்மார்க் யாத்ரா' செயலியில் படம் எடுத்து அனுப்பலாம் என்றது. புகார் சரியாக இருந்தால் 1,000 ரூபாய் ஃபாஸ்டேக் கணக்கில் சேரும் என்றும் சொன்னது. நல்ல யோசனை. ஆனால், அப்போது அந்த மாத இறுதிவரை என்றுதான் அறிவித்தார்கள். பெட்ரோல் பங்க், தாபா கழிப்பறைகள் அதில் சேரவில்லை. இதை நிரந்தரமாக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் அதிலிருந்து அடுத்த சாவடிக்கும் இடையே, தாழ்ப்பாளும் தண்ணீரும் விளக்கும் உள்ள கழிப்பறைகள் எங்கெங்கே, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்பதைக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும். சோதனையில் தோற்ற தொலைவுக்குச் சுங்கம் குறைய வேண்டும். சாலை பழுதாகக் கிடக்கும்போது சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நீதிமன்றங்களில் வாதிட்டு வெல்கிறோம். கழிப்பறை இல்லாத சாலையும் பழுதான சாலை என்று ஒப்பந்தத்தில் எழுதினால், ஒப்பந்ததாரர்கள் ஒரே ஆண்டில் கட்டி முடிப்பார்கள்.